வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள்

பெங்களூரு ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு எட்டு வயது, சி.பி.எஸ்.இ. பள்ளியில் மூன்றாம் வகுப்பு. வாய் ஓயாமல் பேசுகிறான், நன்றாகக் கதை சொல்கிறான். வாசிப்பும் எழுத்தும் மட்டும் ஏறவில்லை, ஓரிடத்தில் உட்காருவதும் இல்லை. உளவியலாளர் ஒருவர் பரிசோதித்துவிட்டு ஏ.டி.எச்.டி.யும் (கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் நிலை) டிஸ்லெக்சியாவும் (வாசிப்பிலும் எழுத்திலும் தடை) இருப்பதாக அறிக்கை தந்திருக்கிறார். பள்ளியில் அழைத்து மூன்று விஷயங்களைச் சொன்னார்களாம்: வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், வகுப்பில் அவன் பக்கத்தில் உட்கார உங்கள் செலவில் ஒரு துணை ஆசிரியரை வையுங்கள், முடியாவிட்டால் வேறு பள்ளி பாருங்கள். சேலத்திலிருந்து வந்திருக்கும் மாமியாரோ, "அவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான், போகப்போகச் சரியாகிவிடும்" என்கிறார். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும் என்று கணவர் தயங்குகிறார். இந்தத் தாய், வார இறுதியில் தாமே தமிழ் எழுத்துகளைச் சொல்லித்தருவதாகவும், அது அழுகையில்தான் முடிவதாகவும் எழுதியிருக்கிறார். என்ன செய்வது?

இந்த நகரத்தில் சிறப்புக் கல்வியாளராக வேலை பார்க்கும் எனக்கு, பேட்டையும் பள்ளியும் மாறி இதே கேள்வி அடிக்கடி வருகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் தமிழ். அதை நிறுத்தாதீர்கள். வீட்டில் இரண்டு மொழிகள் புழங்குவதால் டிஸ்லெக்சியா வருவதில்லை; ஏற்கெனவே இருப்பது கூடுவதும் இல்லை. பேச்சே தாமதமாகும் ஆட்டிசக் குழந்தைகளிடம்கூட இதைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். இருமொழி வீட்டில் வளர்வதால் அவர்கள் மேலும் பின்தங்குவதாகத் தெரியவில்லை. இருந்தும் இந்த அறிவுரை ஓய்ந்தபாடில்லை. பள்ளிகள் சொல்கின்றன, சில நேரம் மருத்துவர்களும் சொல்கிறார்கள். அதைக் கேட்டு நடந்த வீடுகளுக்குள் போய்ப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். அம்மாவுக்கு ஆங்கிலம் அலுவலகத்துக்குப் போதுமான அளவு வரும். பிள்ளையைக் கொஞ்சவும் கடிந்துகொள்ளவும் சமாதானப்படுத்தவும் வராது. கடைசியில் "உட்கார்", "சாப்பிடு", "வேண்டாம்" என்பதற்கு ஈடான ஆங்கிலக் கட்டளைகள் மட்டும் மிஞ்சும். பாட்டியோ வாயடைத்துப் போவார். பேச்சுதான் பலம் என்று இருக்கும் ஒரு பிள்ளையிடமிருந்து அந்தப் பேச்சையே பிடுங்கிக்கொண்டு, வாசிப்பு வரட்டும் என்று காத்திருப்பது எந்த ஊர் நியாயம்?

டிஸ்லெக்சியாவின் வேர் கண்ணில் இல்லை. சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதிலும், அந்த ஒலிகளை எழுத்தோடு இணைப்பதிலும்தான் தடை இருக்கிறது. ஒலியைப் பிரித்துச் சேர்க்கும் திறன் ஒரு மொழியில் வலுத்தால் அடுத்த மொழிக்கும் உதவும். இந்த வேலையைக் காகிதமே இல்லாமல் வீட்டில் செய்யலாம், அதற்கு உங்கள் மாமியாரைவிடப் பொருத்தமான ஆசிரியர் கிடைக்கமாட்டார். விடுகதை போடட்டும். "யாரு தைத்த சட்டை, எங்க தாத்தா தைத்த சட்டை" என்று நாக்கு சுழலும் வரிகளைப் போட்டிபோட்டுச் சொல்லட்டும். 'கடல்' என்ற சொல்லில் 'க'வை எடுத்துவிட்டு 'உ'வை வைத்தால் என்ன வரும் என்று கேட்கட்டும். அவனுக்குக் கன்னடமும் காதில் விழுவதால் இன்னொரு விளையாட்டும் இருக்கிறது. தமிழில் 'ப' என்று தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் 'ஹ' ஆகிவிடும்: பால் ஹாலு, பூ ஹூவு, புலி ஹுலி, பல் ஹல்லு. இதை ஒரு பிள்ளைக்குக் காட்டினால் அடுத்த அரை மணி நேரம் வீட்டில் கண்ணில்படும் பொருளுக்கெல்லாம் 'ஹ' போட்டுப் பார்ப்பான். பாதி தப்பாக இருக்கும். பரவாயில்லை, காது வேலை செய்கிறது.

அடுத்து, தமிழ்ப்பற்று உள்ளவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். வார இறுதியில் நடக்கும் தமிழ் எழுத்து வகுப்பை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். பேச்சு இருக்கட்டும், கதை இருக்கட்டும், நீங்கள் வாசித்துக்காட்டுவதும் இருக்கட்டும். அவன் தமிழை எழுதுவதும் வாசிப்பதும் இன்னும் ஓரிரு ஆண்டுகள் பொறுக்கலாம்.

எட்டு வயதில் அவன் தலையில் எத்தனை எழுத்து முறைகள் இருக்கின்றன என்று எண்ணிப்பாருங்கள். பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி; வீட்டில் தமிழ். ஆக நான்கு. ஆங்கிலத்தில் சிறிய 'பி'யும் 'டி'யும் கண்ணாடியில் பார்த்தது போல் திரும்பி நிற்கும். கன்னடத்தில் 'ப', 'வ', 'ஷ' மூன்றும் ஒரே உருவத்தின் சின்னச் சின்ன மாறுதல்கள். இந்தியில் தலைக்கோட்டில் ஒரு சிறு இடைவெளி விழுந்தால் எழுத்தே மாறிவிடும். தமிழில் இருக்கவே இருக்கின்றன ரகர றகரங்களும் மூன்று னகரங்களும். நம் மொழிகளின் உயிர்மெய் வரிசை நீளமானது. தடை ஏதும் இல்லாத பிள்ளைகளே கன்னட எழுத்துகளை முழுவதும் கைவசப்படுத்த நான்காம் வகுப்பு வரை எடுத்துக்கொள்கிறார்கள். நம் பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஓர் எழுத்து முறைதான் கட்டுப்படியாகும். பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் நடப்பதால் முதலில் ஆங்கிலம். அதுவும் டியூஷன் அல்ல. டியூஷனில் பள்ளி வீட்டுப்பாடத்தையே இன்னொரு முறை செய்வார்கள். ஒலியிலிருந்து எழுத்துக்கும், எழுத்திலிருந்து சொல்லுக்கும் படிப்படியாகப் போகும் பயிற்சிதான் இவனுக்குத் தேவை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பயிற்சி தருபவர், சிறப்புக் கல்வியாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் கூச்சம் தேவையில்லை. முறையாகப் படித்தவர்கள் முகம் சுளிக்கமாட்டார்கள்.

கன்னடம் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி கர்நாடகப் பள்ளிகளில் கட்டாயம். அதை எதிர்த்துச் சண்டை போட வேண்டாம், தேவையும் இல்லை. இந்த ஊரில் வளரும் பிள்ளை கன்னடம் பேசத்தான் வேண்டும். மைதானத்தில் கூட்டாளிகள் கிடைப்பதே அதனால்தான். மூன்றாம் வகுப்பில் தேர்வு நடத்துவது பள்ளிதான், சி.பி.எஸ்.இ. வாரியம் அல்ல. கன்னடத்தையும் இந்தியையும் இப்போதைக்கு வாய்மொழியாகச் சோதியுங்கள் என்று கேட்டால் செய்துகொடுக்க முடியும்.

இனிப் பள்ளி. இங்கேதான் பெரும்பாலான பெற்றோர் சறுக்குகிறார்கள். ஆசிரியர்–பெற்றோர் கூட்டத்தில் கண்ணீரோடு பேசிவிட்டு, "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், மேடம்" என்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியை "கொஞ்சம் பார்த்துக்கொள்வது" என்றால் என்ன செய்வார்? அவருக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரிந்தால்தானே செய்ய முடியும்.

உங்கள் மகனின் கன்னட நோட்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் மூன்றாவது வரியோடு நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் காரணம் புரிந்துவிடும். நிமிர்ந்து ஓர் எழுத்தைப் பிடிப்பான். குனிந்து அதை எழுதுவான். மறுபடி நிமிரும்போது எந்த வரியில் இருந்தோம் என்பது தொலைந்துவிடும். தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பக்கத்துப் பையனின் பென்சில் கீழே விழும், கண் அங்கே போகும். ஆசிரியை பலகையை அழித்துவிடுவார். நோட்டில் "முடிக்கவில்லை" என்று சிவப்பு மையில் விழும். அதை முடிக்க எந்த நேரத்தைத் தருவார்கள்? விளையாட்டு பீரியடை. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்கு நாள் முழுவதும் உட்காருவதற்குத் தெம்பு தருவதே அந்த அரை மணி நேர ஓட்டம்தான். அதைப் பிடுங்கினால் அடுத்த இரண்டு பீரியடும் வகுப்பு முழுவதற்கும் போய்விடும். பள்ளிகள் செய்யும் தவறுகளில் இதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. செலவில்லாமல் திருத்திக்கொள்ளக்கூடியதும் இதுதான்.

ஆகவே கடிதமாகக் கொடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அறிக்கையின் நகலை இணையுங்கள். மனத்தாங்கல் எதையும் எழுதாமல், ஒரு ஆசிரியை நாளைக் காலையே செய்யக்கூடியவற்றை மட்டும் எழுதுங்கள். கிட்டத்தட்ட இப்படி: "பலகையில் எழுதுவதை இவனுக்கு மட்டும் அச்சிட்ட தாளாகத் தரவும், அல்லது புகைப்படம் எடுத்து அனுப்பவும். முன்வரிசையில், சன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி உட்காரவைக்கவும். கணக்கில் இருபதுக்குப் பதில் எட்டுக் கணக்குகள் தரவும். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். கன்னடம், இந்தி இரண்டையும் வாய்மொழியாகச் சோதிக்கவும். வகுப்பில் எழுந்து சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம். விளையாட்டு பீரியடை எக்காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டாம். பீரியடுகளுக்கு இடையில் வருகைப் பதிவேட்டை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது போன்ற நடக்கும் வேலை ஒன்றைத் தரவும்." கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம்தான், ஆனால் நன்றாக வேலை செய்யும், பிள்ளை நடந்துவிட்டும் வருகிறான், வகுப்பில் ஒரு மரியாதையும் கிடைக்கிறது. கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலிலும் ஒன்று போகட்டும். மூன்று மாதம் கழித்து எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேச ஒரு தேதியும் கேளுங்கள்.

துணை ஆசிரியர் தேவையா? நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இவனுக்கு வேண்டாம். சில ஆட்டிசக் குழந்தைகளுக்கு முதல் ஓரிரு ஆண்டுகள் அது உண்மையிலேயே தேவைப்படும், அதுவும் எப்போது விலக்கிக்கொள்வது என்ற திட்டத்தோடு. பேசத் தெரிந்த, கூட்டாளிகள் உள்ள ஒரு பையன் பக்கத்தில் ஒரு பெரியவரை நாள் முழுவதும் உட்காரவைத்தால் வகுப்பாசிரியை அவனைப் பார்ப்பதையே விட்டுவிடுவார், மற்ற பிள்ளைகளும் ஒதுங்கிவிடுவார்கள். பள்ளியின் தொந்தரவு குறையும் என்பதைத் தவிர லாபம் ஒன்றும் இல்லை. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் சிறப்பாசிரியர் இருந்தாக வேண்டும். "உங்கள் சிறப்பாசிரியர் வாரத்தில் எத்தனை பீரியட் இவனோடு இருப்பார்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு துணை ஆசிரியர் பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும்.

வேறு பள்ளி பாருங்கள் என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. டிஸ்லெக்சியா அடங்கும் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு. ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை, உங்கள் மகனுக்கு டிஸ்லெக்சியாவும் இருப்பதால் அந்தக் கவலை வேண்டாம். அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியானாலும், தனியார் பள்ளியானாலும், பாகுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்துதரவேண்டும் என்கிறது அதன் 16-ஆவது பிரிவு. கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. பள்ளி பிடிவாதம் பிடித்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். இதையெல்லாம் முதல் கடிதத்திலேயே எழுதி மிரட்ட வேண்டாம்; தெரிந்து வைத்துக்கொண்டு பேசினாலே பேச்சின் தொனி மாறிவிடும். ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: வகுப்பாசிரியைக்கு மனமில்லாத பள்ளியில் சட்டத்தை வைத்து இருக்கையைத்தான் வாங்க முடியும், அக்கறையை வாங்க முடியாது. ஓராண்டு முயன்றும் நடக்கவில்லையென்றால், துரத்தினார்கள் என்பதற்காக அல்லாமல் உங்கள் முடிவாகவே பள்ளியை மாற்றுங்கள். அடுத்த பள்ளியைப் பார்க்கப் போகும்போது வளாகத்தையும் நீச்சல் குளத்தையும் பார்க்காமல், இப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் பெற்றோரோடு பேசவைக்க முடியுமா என்று கேளுங்கள்.

சான்றிதழ் வாங்குங்கள். உங்கள் கணவரின் பயம் புரிகிறது, ஆனால் முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது. வகுப்பில் அவனைச் "சோம்பேறி" என்றும் "அடங்காதவன்" என்றும் சொல்லத் தொடங்கியிருப்பார்கள். சான்றிதழ் உங்கள் அலமாரியில் இருக்கும் காகிதம். எங்கே காட்டுவது, எங்கே காட்டாமல் இருப்பது என்பது உங்கள் கையில். தனியார் உளவியலாளரின் அறிக்கை பள்ளியில் பேசுவதற்குப் போதும். வாரியத் தேர்வுக்கு அரசு மருத்துவமனையின் சான்றிதழை வாங்கி வைப்பதே நல்லது. 2018-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயது முதல்தான் சான்றிதழ் தருவது என்று வைத்தார்கள். பின்னாளில் மறுபடி சோதிக்கச் சொல்லலாம். உங்களுக்கு இப்போது சரியான நேரம். மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. என்ற அடையாள அட்டைக்கு அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசின் மனநல, நரம்பியல் மருத்துவமனை இருப்பது பெங்களூர்வாசிகளுக்குக் கிடைத்த கொடுப்பினை. நாடு முழுவதும் கற்றல் குறைபாட்டைச் சோதிக்கப் பயன்படும் தேர்வுத் தொகுப்பே நிம்ஹான்ஸ் பெயரில்தான் இருக்கிறது. கூட்டம் அதிகம், ஒரே நாளில் முடியாது, பல முறை வரச் சொல்வார்கள்; செலவு மிகக் குறைவு. போகும்போது பள்ளி நோட்டுகளைக் கொண்டுபோங்கள். பழையதும் புதியதுமாக, திருத்தாமல், அட்டை மாற்றாமல் அப்படியே. சுத்தமாக எழுதவைத்த புது நோட்டு எதற்கும் உதவாது. மருத்துவர் பார்க்க விரும்புவது அந்தப் பாதியில் நின்ற பக்கங்களைத்தான். அவனுக்கு எந்த மொழியில் பேச்சு சரளம் என்பதையும் சொல்லிவிடுங்கள். காது, கண் பரிசோதனை முடிந்திருக்கவேண்டும்.

சான்றிதழில் குறைபாட்டின் அளவை 40 விழுக்காட்டுக்குக் குறைவாகப் போட்டுவிட்டால் எல்லாம் போயிற்று என்று சிலர் அழுவார்கள். அப்படியில்லை. கல்லூரி இட ஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான் 40 கட்டாயம். எழுதுவதில் தடை உள்ள விகாஷ் குமார் என்பவர் யு.பி.எஸ்.சி.க்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சொல்வதை எழுதுபவரைத் தருவதற்கு 40 விழுக்காடு என்ற வரம்பை வைக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், எழுத்துத் தடை உள்ள ஒரு மாணவிக்கு நீட் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம் மறுக்கப்பட்டது தவறு என்றும் சொன்னது. பள்ளியிலோ தேர்வு மையத்திலோ யாராவது "40 இல்லையே" என்றால் இந்தத் தீர்ப்புகளைக் காட்டலாம்.

இதைப் படிப்பவர்களில் ஆட்டிசக் குழந்தையின் பெற்றோர் இருந்தால் ஒரு குறிப்பு: மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், பயிற்சிகளுக்கும் சேர்த்து. ஸ்டெம் செல் ஏற்றினால் ஆட்டிசம் குணமாகும் என்று யாராவது லட்சங்களில் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாத்திரை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மருத்துவர் பேச்சை எடுப்பார். ஏ.டி.எச்.டி.க்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் பூதமும் அல்ல, வரமும் அல்ல. கவனத்தை நிறுத்த உதவும், வாசிக்கக் கற்றுத்தராது. பசியைக் குறைக்கும், மதிய உணவு டப்பா கட்டியபடியே திரும்பி வரும். அதனால் காலையில் மாத்திரைக்கு முன் வயிறார இட்லியோ உப்புமாவோ கொடுத்துவிட்டு, மாலையில் மறுபடி நன்றாகக் கொடுக்கவேண்டும். தூக்கம் தள்ளிப்போகலாம். எடையையும் உயரத்தையும் மருத்துவர் கவனித்து வருவார். உறவினர் பேச்சைக் கேட்டு நீங்களாகத் தொடங்குவதோ நிறுத்துவதோ கூடாது.

உறவினர் என்றதும் மாமியார் நினைவுக்கு வருகிறார். "அவன் அப்பனும் இப்படித்தான்" என்பதை அலட்சியப்படுத்த வேண்டாம், ஏ.டி.எச்.டி.யும் டிஸ்லெக்சியாவும் குடும்பவழி வருபவை, மாமியார் சரியாகத்தான் கவனித்திருக்கிறார். "சரியாகிவிடும்" என்பதில்தான் கோளாறு. உங்கள் கணவரிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், பள்ளி நாட்கள் அவருக்கு எப்படி இருந்தன என்று. மகனைப் பற்றிய அறிக்கையை வாசிக்கும்போது தங்கள் கதையையே வாசிப்பதுபோல் உணர்ந்து மௌனமாகிவிடும் அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சான்றிதழ் வேண்டாம் என்ற பிடிவாதத்துக்குப் பின்னால் பல நேரம் அதுதான் இருக்கும்.

மாலை நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கே.ஆர்.புரம் நெரிசலில் பள்ளி பஸ்ஸில் ஊர்ந்து வரும் பிள்ளை, நாள் முழுவதும் அடக்கி வைத்ததையெல்லாம் உங்களிடம்தான் கொட்டுவான். வந்ததும் டைரியைக் கேட்காதீர்கள். சாப்பாடு, பிறகு வெளியே ஓட்டம், அதற்குப் பிறகு பாடம், அதுவும் கடிகாரம் வைத்து. பாடம் முடியாவிட்டாலும் நேரம் முடிந்தால் நிறுத்திவிட்டு, "இவ்வளவுதான் முடிந்தது" என்று டைரியில் நீங்களே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

பத்தாம் வகுப்பு தொலைவில் இருந்தாலும் இரண்டு விஷயங்கள் இப்போதே தெரிந்திருக்கட்டும். சி.பி.எஸ்.இ. சலுகைகளில் மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு, இரண்டு மொழிகளுக்குப் பதில் ஒன்றே படிக்கும் வசதி ஆகியவை உண்டு. ஒன்பதாம் வகுப்பில் வாரியத்தில் பதிவு செய்யும்போதே விண்ணப்பத்தில் காட்டிவிட வேண்டும்; தேர்வு நெருங்கும்போது ஓடினால் அலைச்சல்தான் மிஞ்சும். அந்த வழி ஒத்துவராவிட்டால் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ஐந்து பாடங்கள் போதும். ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகள் தருவார்கள், ஒரு பருவத்தில் இரண்டு பாடம் மட்டும் எழுதினாலும் தேறியது கணக்கில் நிற்கும். அங்கே தமிழையே மொழிப்பாடமாக எடுக்கலாம். இப்போது தள்ளிவைக்கச் சொன்ன தமிழ் எழுத்தைப் பத்து, பதினொரு வயதில் ஆங்கில வாசிப்பு ஓரளவு கைக்கு வந்த பிறகு தொடங்கினாலும், அந்தப் பாடத்துக்கு அவனுக்கு நேரம் தாராளமாக இருக்கும்.